தின்னப்படும் மரம்

கேப் டவுனில் நாங்கள் குடியிருக்கும் வளாகத்தின் பொதுத் தோட்டத்தைப் பற்றிப் பேசுவதற்காக வசந்தகாலத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் இரண்டு யோசனைகள் அடுத்தடுத்து வந்தன. வாயிலருகே வெயில் நன்றாக விழும் இடத்தில் பட்டாம்பூச்சிகளுக்கென்று ஒரு பூப்பாத்தி போடுவது முதல் யோசனை. பின்மதிலை ஒட்டி நிற்கும் பழைய மரம் புழு மொய்த்துக் கிடப்பதால் அதை வெட்டிவிடுவது அடுத்த யோசனை. இரண்டையும் ஆதரித்தவர்கள் ஏறத்தாழ ஒரே ஆட்கள்தாம். அந்தப் புழுக்கள்தாம் நாளை பட்டாம்பூச்சிகளாகும் என்று நான் சொன்னபோது, எதிர்வீட்டில் வசிக்கும் முதிய பெண்மணி அமைதியாகப் பதில் சொன்னார்: “பட்டாம்பூச்சி வரட்டும், எனக்கும் பிடிக்கும். புழுவெல்லாம் வேறு எங்கேயாவது வளர்ந்துவிட்டு வரட்டும்.” அவர் இயற்கையை வெறுப்பவர் அல்லர். பறவைகளுக்குத் தவறாமல் தண்ணீர் வைப்பவர். அதனால்தான் அவருடைய சொல் என்னை விட்டு நீங்கவே இல்லை. நம்மில் பெரும்பாலோர் வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருக்கும் எண்ணத்தை அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அந்த ‘வேறு எங்கேயாவது’ எங்கே இருக்கிறது என்ற கேள்வியோடுதான் அதற்குப் பிந்தைய மாதங்களைக் கழித்தேன்.

அந்த மரத்தின் பெயர் கிக்கெலேரியா ஆப்பிரிக்கானா. ‘காட்டுப் பீச்’ என்று இங்கே அழைப்பார்கள். இலையின் சாயலைத் தவிர பீச் மரத்தோடு அதற்கு எந்த உறவும் கிடையாது. கேப் தீபகற்பத்திலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை காட்டோரங்களிலும் மலைச்சரிவுகளிலும் இயல்பாக வளர்வது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும். பெண் மரத்தின் காய் முற்றி வெடிக்கும்போது, செம்மஞ்சள் பசை போர்த்திய கறுப்பு விதைகள் வெளித்தெரியும். பறவைகள் அவற்றைத் தேடி வரும். எங்களுடையது ஆண் மரம். கண்ணைக் கவரும் பூவும் இல்லை, காயும் இல்லை. அதன் இலையை நம்பி வாழும் அக்ரேயா ஹோர்ட்டா என்ற பட்டாம்பூச்சிக்கு மட்டும் அது இன்றியமையாதது. செங்காவி நிறமும், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் முன்சிறகு நுனியும் கொண்ட அந்தப் பட்டாம்பூச்சியைக் கேப் டவுன் தோட்டங்களில் பார்க்காதவர் குறைவு. அது அவசரமின்றி, தாழ்வாகப் பறக்கும். அந்த நிதானத்துக்குக் காரணம் இலையில் இருக்கிறது. கிக்கெலேரியா இலையில் கைனோகார்டின் என்ற, சயனைடை வெளியிடக்கூடிய சேர்மம் உண்டு. புழு அதைத் தின்று தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. கூட்டுப்புழுவாகி இறக்கை முளைத்த பின்னும் அந்தக் கசப்பு கூடவே வருகிறது. பல பறவைகள் அதைத் தொடாமல் விலகிப் போகின்றன. தோட்டத்தில் நாம் ரசிக்கும் அந்த மெதுவான பறத்தல், பின்மதிலோரத்து மரத்தின் இலையிலிருந்து வந்தது.

நாற்றுப்பண்ணைகளில் ‘பட்டாம்பூச்சிகளை ஈர்க்கும்’ என்று எழுதிய அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் செடிகளை அதன்பிறகு வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பெரும்பாலும் அவை தேன் தரும் பூச்செடிகள். லாவெண்டர் மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்தது. அட்டைகளில் அதிகம் காணப்படும் ஊதாநிறப் பட்லேயா சீனத்திலிருந்து வந்தது. அவற்றின் பூக்களில் பட்டாம்பூச்சிகள் வந்து அமர்வது உண்மைதான். உண்ணிச்செடி என்று நம் ஊரில் நாம் அறிந்த லன்டானாவின் பூவிலும் அவை கூட்டமாக அமர்கின்றன. அந்தச் செடி முதுமலைக் காட்டை எப்படி நெருக்கியிருக்கிறதோ அப்படியே தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதிகளையும் நெருக்கியிருக்கிறது. அந்நாட்டு விதிகளின்படி கட்டுப்படுத்தியே ஆகவேண்டிய ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் அது இருக்கிறது. பூவில் பட்டாம்பூச்சி அமர்வதைக் கொண்டு ஒரு செடியின் மதிப்பை அளந்தால் லன்டானா முதல் வரிசையில் நிற்கும். அந்த அளவுகோல் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

காலால் சுவைத்துத் தேர்வது

பெண் பட்டாம்பூச்சி ஒன்று முட்டையிட இடம் தேடுவதைப் பொறுமையாகப் பார்த்தால், பூவைத் தேடுவதற்கும் இலையைத் தேடுவதற்கும் உள்ள வேறுபாடு புரியும். பூ விஷயத்தில் அது தாராளமானது. நிறமும் தேனும் இருந்தால் எந்த நாட்டுப் பூவானாலும் குடிக்கும். இலை விஷயத்தில் அப்படி இல்லை. ஓர் இலையில் ஒரு கணம் இறங்கி, முன்கால்களால் தட்டிப் பார்த்து, எழுந்து, அடுத்த இலைக்குப் போகும். கால்களில் உள்ள சுவையுணர் முடிகளைக் கொண்டு இலையின் வேதிப்பொருளை அது அறிகிறது. பொருந்தாத இலையில் முட்டையிட்டால் பொரிந்து வரும் புழு பட்டினியால் சாகும். அரிசிமணி அளவுகூட இல்லாத அந்தப் புழுவால் வேறு செடி தேடிப் போக முடியாது. ஆகவே ஒரு நிலப்பரப்பில் எத்தனை வகைப் பட்டாம்பூச்சிகள் நிலைத்திருக்க முடியும் என்பதை அங்குள்ள இலைகளே பெரிதும் தீர்மானிக்கின்றன.

கேப் பகுதியின் ஃபைன்போஸ் புதர்நிலத்தில் இந்த உண்மை கூர்மையாக வெளிப்படுகிறது. ஏறத்தாழ 9,000 வகைப் பூக்கும் தாவரங்கள் இங்கே உள்ளன. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதவை. அவ்வளவு பூக்கள் இருக்கும் நிலத்தில் பட்டாம்பூச்சிகள் கொட்டிக் கிடக்க வேண்டும் என்று புதிதாக வருபவர்கள் எதிர்பார்ப்பார்கள். நானும் எதிர்பார்த்தேன். ஆனால் தாவர வளத்தோடு ஒப்பிட்டால் இங்கே பட்டாம்பூச்சி வகைகள் குறைவு. சத்துக் குறைந்த மண்ணில் வளரும் புரோட்டியா, எரிக்கா போன்ற செடிகளின் இலைகள் தடித்தோ, ஊசிபோல் சிறுத்தோ இருக்கின்றன. அவற்றைத் தின்னப் பழகிய புழுக்கள் மிகச் சில. கேப்பிஸ் ஆல்ஃபேயஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழு, புரோட்டியாவின் இலையை விட்டுவிட்டு மொட்டுக்குள் துளைத்துச் சென்று உள்ளே இருந்தபடியே வளர்கிறது. இப்படிப்பட்ட நிலத்தில், புழுவுக்கு இலை தரும் ஒவ்வொரு செடிக்கும் பிற இடங்களில் இருப்பதைவிடக் கூடுதல் பொறுப்பு வந்துவிடுகிறது.

பூவும் இலையும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதற்குக் கேப் டவுனை ஒட்டிய டேபிள் மலையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கோடையின் பின்பகுதியில் மலை ஓடைகளின் ஓரத்தில் டீசா யூனிஃப்ளோரா என்ற பெரிய சிவப்பு ஆர்கிட் பூக்கிறது. அதற்கு மகரந்தம் சுமப்பது ஏரோபீட்டஸ் துல்பாகியா என்ற பழுப்பு நிறப் பெரிய பட்டாம்பூச்சி. சிவப்பின் மேல் அதற்குள்ள ஈர்ப்பு வியப்பானது. மலையேறுபவர்களின் சிவப்புத் தொப்பியைக்கூட வந்து சுற்றிப் பார்க்கும். அதே பருவத்தில் பூக்கும் நெரைன் சார்னியென்சிஸ், க்ராசுலா காக்சினியா முதலிய சிவப்புப் பூக்களும் இந்த ஒரே பட்டாம்பூச்சியை நம்பி இருக்கின்றன. புகைப்படக்காரர்கள் ஆர்கிட்டைத் தேடிப் போகிறார்கள், அது இயல்பு. ஆனால் அந்தப் பட்டாம்பூச்சியின் புழு தின்பது சரிவுகளில் கவனிப்பாரின்றி வளரும் புல். அந்தப் புல் இல்லாவிட்டால் அடுத்த கோடையில் டீசாவின் மகரந்தத்தைச் சுமக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இலையில்லாத வாரங்கள்

மரத்தை வெட்டுவது பற்றிய முடிவைக் கோடை முடியும்வரை தள்ளிவைப்பதாகக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். மருந்து அடிப்பதில்லை என்பதும் அந்த உடன்பாட்டில் அடங்கும். பிறகு வந்த வாரங்களில் நான் கண்டவற்றை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பொருளைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் வலுத்தது.

முதலில் இலைகளின் அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகள் கொத்தாகத் தெரிந்தன. பொரிந்து வந்த புழுக்கள் ஒன்றாகக் கூடி, இலையின் மேற்பரப்பை மட்டும் சுரண்டித் தின்றன. அந்த இலைகள் சல்லடை போலாகிப் பழுத்தன. வளர வளர அவை பிரிந்து மரம் முழுவதும் பரவின. உடலெங்கும் கிளைத்த முட்களோடு பார்க்கக் கடுமையாகத் தோன்றினாலும் அவை கொட்டுவதில்லை. மாலையில் மரத்தடியில் நின்றால் எச்சம் உதிரும் சத்தம் தூறல்போல் காதில் விழும். நவம்பர் பிற்பகுதியில் மரத்தில் நரம்புகளும் காம்புகளும் மட்டுமே எஞ்சின. தின்று முடித்த புழுக்கள் இறங்கி நடக்கத் தொடங்கின. சுவர், சன்னல் சட்டம், மின்அளவிப் பெட்டி என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஏறித் தொங்கிக் கூட்டுப்புழுக்களாயின. வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகளும் மஞ்சள் புள்ளிகளும் கொண்ட அந்தக் கூடுகள் அழகானவை என்பது என் கருத்து. அதை எல்லோரும் ஏற்கவில்லை. சிலர் துடைப்பத்தால் தட்டினார்கள். அந்த நாள்களில் தோட்டத்துக்கு வந்த எவரும் மரம் செத்துவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள்.

குயில்கள் வந்தது அப்போதுதான். கிளாஸ் குயில் என்று இங்கே அழைக்கப்படும் சிறிய பறவை, பளபளக்கும் பச்சை முதுகும் வெள்ளை வயிறுமாக, மொட்டைக் கிளைகளில் அமர்ந்து எஞ்சிய புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தது. மற்றப் பறவைகள் ஒதுக்கும் முள்ளும் நஞ்சும் குயில் இனத்துக்குத் தடையாவதில்லை. அதற்குமுன் அந்தக் குயிலின் குரலை மலைச்சரிவிலிருந்து கேட்டிருக்கிறேனே தவிர, எங்கள் மதிலுக்குள் பார்த்ததில்லை. சில கூட்டுப்புழுக்களில் குண்டூசி முனை அளவுக்குத் துளைகள் தெரிந்தன. அவற்றிலிருந்து பட்டாம்பூச்சி வரவில்லை, ஒட்டுண்ணிக் குளவிகள் வந்திருந்தன. ஒரு மரத்தின் இலையை நம்பி இத்தனை உயிர்கள் அடுக்கடுக்காக இருப்பதை நேரில் பார்க்கும்போது, அவற்றுள் எதை மட்டும் விருந்தினராக ஏற்பது, எதை மட்டும் துரத்துவது என்ற கேள்வியே பொருளற்றதாகத் தோன்றியது. ஆண்டின் வறண்ட மாதங்கள் தொடங்கிவிட்டிருந்தபோதும், டிசம்பரில் கிளைகளின் நெடுக மொட்டுகள் கிளம்பின. மெல்லிய சாம்பல் பூச்சோடு வெளிறிய பச்சையில் புதிய இலைகள் விரிந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பியவர்கள், தாங்கள் விட்டுச் சென்ற மரம் அதுதானா என்று கேட்டார்கள்.

புழு தின்பதை அந்த மரத்துக்கு வந்த நோயாக நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அந்த மரமோ புழுவை எதிர்பார்த்தே வாழக் கற்றது. நஞ்சை வைத்துப் பெரும்பாலான பூச்சிகளை விலக்கி, அந்த நஞ்சைத் தாங்கும் ஓரினத்துக்கு இலையை இழந்து, மீண்டும் தளிர்க்கும் வலிமையைக் கையிருப்பாக வைத்திருக்கிறது. இந்த மண்ணுக்கு அது எவ்வளவு காலமாக உரியது என்பதற்கு அதைத் தின்பவையே சாட்சி என்ற முடிவுக்கு நான் வந்தது அந்தப் புதிய தளிர்களைப் பார்த்த பிறகுதான்.

தின்பவை இல்லாத இடத்தில்

இதன் மறுபக்கத்தை ஆஸ்திரேலியாவில் காணலாம். கேப் கடற்கரை மணல்மேடுகளில் பீட்டோ என்ற மஞ்சள் பூப் புதர் வளர்கிறது. இங்கே அதன் இலைகளைப் பல பூச்சிகள் தின்கின்றன. எறும்புகளின் காவலில் வளரும் க்ரைசோரிட்டிஸ் இனப் பட்டாம்பூச்சிகள் சிலவற்றின் புழுக்களும் அவற்றுள் அடக்கம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மணல் அரிப்பைத் தடுப்பதற்காக 1946 முதல் 1968 வரை இதே புதரைக் கடற்கரையோரம் நட்டார்கள். தின்பவர் யாரும் இல்லாத கரையில் அது கட்டுக்கடங்காமல் பரவி, அங்குள்ள செடிகளை மூடியது. பிறகு அதைக் கட்டுப்படுத்த, தென்னாப்பிரிக்காவில் அதன் குருத்தைத் தின்று வாழும் ஒரு சிறிய அந்துப்பூச்சியை அழைத்துப் போய் 1989இல் விட்டார்கள். அதே மணல் பிரச்சினைக்காக வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலிய வேல மரங்களை ஒரு நூற்றாண்டு முன்னதாகவே கேப் சமவெளியில் நட்டிருந்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். அவை இன்றுவரை ஃபைன்போஸை நெரித்துக்கொண்டிருக்கின்றன.

இதைக் கேட்டுவிட்டு, வெளியூர்ச் செடி எதுவும் ஆகாது என்று முடிவு கட்டுவதும் சரியில்லை. அங்குள்ள செடிகளுக்கு உறவான செடி வந்தால் பட்டாம்பூச்சிகள் அதை அடையாளம் கண்டுகொள்கின்றன. தென்னாப்பிரிக்காவுக்கே உரிய நீலக்கொடிவேலி இன்று தமிழ்நாட்டு வீட்டுவாசல்களிலும் பூங்காக்களிலும் பூக்கிறது. நம் கொடிவேலியில் முட்டையிட்டு வாழ்ந்த சின்னஞ்சிறு நீலப் பட்டாம்பூச்சி இனமொன்று இதையும் ஏற்றுக்கொண்டது. இங்கே அதே செடியின் மொட்டுகளில் அதன் ஆப்பிரிக்க உறவினமான லெப்டோட்டஸ் பிரித்தோஸ் வளர்கிறது. ஆப்பிரிக்கக் காடுகளில் நாரத்தைக் குடும்ப மரங்களில் வளர்ந்த பப்பீலியோ டெமோடோகஸ், எலுமிச்சையும் ஆரஞ்சும் வந்தபோது அவற்றையும் ஏற்றுக்கொண்டது. அந்தப் புழு கேப் பகுதியில் சோம்பு வகைச் செடிகளிலும் வாழ்கிறது. அங்கே அதன் உடற்கோலமே மாறியிருப்பதை 1960களில் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். விதிவிலக்குகளும் உண்டு. இம்ப்ரேசியா சித்தேரியா என்ற உள்நாட்டுப் பேரந்துப்பூச்சி, எந்த உறவும் இல்லாத பைன் மரங்களுக்குத் தாவிவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் அதன் கூட்டுப்புழுக்களைத் தின்பதற்காகத் தோப்புகளில் விடப்பட்ட பன்றிகள் பிறகு காட்டுப்பன்றிகளாகித் தனிச் சிக்கலாயின.

அந்துப்பூச்சிகளைப் பற்றிச் சொல்லும்போது, இரவுத் தோட்டத்தையும் விட்டுவிடக் கூடாது என்பேன். பகலில் பழுப்பாகவும் மங்கலாகவும் இருக்கும் கிளாடியோலஸ் லிலியேசியஸ் பூ, அந்தி சாயும்போது நீலம் கலந்த ஊதாவாக மாறி, கிராம்பின் வாசம் வீசுகிறது. சலுசியான்ஸ்கியா கேப்பென்சிஸ், பகலெல்லாம் கரும்சிவப்பு மொட்டாக மூடிக் கிடந்து, மாலையில் வெள்ளையாக விரிந்து அந்துப்பூச்சிகளை அழைக்கிறது. பட்டாம்பூச்சிப் பாத்தி என்று போடுபவர்கள் இவற்றைப் பொருட்படுத்துவதே இல்லை. எண்ணிக்கையில் பட்டாம்பூச்சிகளைவிட அந்துப்பூச்சிகளே மிகப் பல மடங்கு அதிகம் என்பதால் இந்தப் புறக்கணிப்பு எனக்கு வருத்தம் தருகிறது.

‘வேறு எங்கேயாவது’

எதிர்வீட்டம்மாவின் சொல்லுக்கு உண்மையான பதில் தென்னாப்பிரிக்காவின் தென்கரையில் உள்ள பிரென்டன் கடற்கரையில் இருக்கிறது. ரோலண்ட் டிரைமன் என்ற இயற்கை ஆய்வாளர் 1858இல் நைஸ்னா ஊரருகே ஒரு சிறிய நீலப் பட்டாம்பூச்சியைப் பிடித்து, 1862இல் அதை விவரித்தார். இன்று பிரென்டன் நீலன் எனப்படும் ஒராக்ரைசாப்ஸ் நையோபி அதுவே. அதன்பின் நூறாண்டுக்கு மேல் அது யார் கண்ணிலும் படவில்லை. 1977இல் நேச்சர்ஸ் வேலியில் தென்பட்டு, அங்கேயும் மறைந்தது. 1991இல் பிரென்டன்-ஆன்-சீ என்ற கடற்கரைக் குடியிருப்பின் ஓரத்தில் மீண்டும் கிடைத்தது. அந்த நிலத்தில் வீடுகள் வரவிருந்தன. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அரசு 1998இல் நிலத்தை வாங்கி, 2003இல் தனிக் காப்பகமாக அறிவித்தது.

அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிடுவது இண்டிகோஃபெரா எரெக்டா என்ற, அவுரிக் குடும்பத்தின் ஒரு சிறு செடியில் மட்டும். இளம்புழு முதலில் இலையைத் தின்கிறது. பிறகு தண்டு வழியாக மண்ணுக்குள் இறங்கி அதே செடியின் வேர்த்தண்டைத் தின்கிறது. அப்போது ஒரு குறிப்பிட்ட எறும்பினம் அதற்குத் துணையிருக்கிறது. செடி, எறும்பு, பட்டாம்பூச்சி ஆகிய மூன்றும் சேர்ந்திருந்த இடமாக அந்த ஒரே சரிவு மட்டும் அறியப்பட்டிருந்தது. 2017 ஜூன் 7 அன்று நைஸ்னாவைச் சூழ்ந்த காட்டுத்தீயில் காப்பகமும் எரிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஒரு சில பட்டாம்பூச்சிகள் பறந்தன. அதன்பின் வந்த பருவங்களில் தேடிச் சென்றவர்களுக்கு அது தென்படவில்லை. அந்தக் கரை நெடுகிலும் தோட்டங்கள் உண்டு, தேனுள்ள பூக்களுக்கும் பஞ்சமில்லை. அந்தப் புழுவுக்கு வேறு எங்கும் ஓர் இடம் இருக்கவில்லை.

இதை அடுத்த கூட்டத்தில் சொன்னேன். காட்டுப் பீச் மரத்தை விட்டுவைப்பது என்று முடிவாயிற்று. அதில் என் பேச்சைவிட மரம் மீண்டும் தளிர்த்ததற்கே பங்கு அதிகம். மதிலோரத்தில் ஒரு பெண் மரமும் நடுவதற்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது. பாத்தியைப் பொறுத்தவரை, பட்லேயாவுக்குப் பதில் நீலக்கொடிவேலியும் பீட்டோவும் வைக்கலாம் என்றார்கள். வெட்டாத புல்லுக்கென்று ஒரு பட்டையும் ஒதுக்கினார்கள். மழைக்காலம் தொடங்கும் மே மாதத்தில் நடவேண்டும்.

ஒன்றில் மட்டும் இன்னும் உடன்பாடு வரவில்லை. நம் ஊர் எருக்கில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி ஆப்பிரிக்காவிலும் உண்டு; இங்கே அது எருக்கின் உறவான கோம்ஃபோகார்பஸ் செடியில் முட்டையிடுகிறது. அந்தச் செடியின் பால் நஞ்சு; கண்ணில் பட்டால் எரிச்சல் கடுமையாக இருக்கும். வளாகத்தில் தவழும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று எதிர்வீட்டம்மா எழுப்பிய மறுப்பு நியாயமானது. நடைபாதையிலிருந்து விலக்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வேலியிட்ட மூலையில் வைக்கலாம் என்று நான் கேட்டிருக்கிறேன். அந்த மூலைக்கு எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை முதலில் பார்த்துச் சொல்லும்படி அவர் கேட்டிருக்கிறார்.